மூடுபனியில் முப்பத்தொரு ஓட்டை

நம்பறவங்க உக்காருங்க, நம்பாதவங்க டீயைக் குடிச்சிட்டுக் கெளம்புங்க, எனக்கு ரெண்டும் ஒன்னுதான். நாங்க பன்னெண்டு பொம்பளைங்க மலைமேல ஒரு குதிரைப் பண்ணைக்கு ஓய்வெடுக்கப் போனோம், போன ரெண்டாம் நாள் காலையில பத்து பத்தரை மணிக்கு மூடுபனி துணியா இறங்குச்சு. துணி மாதிரி இறங்குச்சுன்னு நான் சொல்லல, நல்லாக் கேட்டுக்குங்க, துணியாவே இறங்குச்சு. தைலமரத்து உச்சியில கொஞ்சம் சிக்கி, லாயத்துக் கூரையில கொஞ்சம் மடங்கி, கம்பிவேலிமேல சரிஞ்சு, கடைசியில புல்லுமேல வந்து படுத்துக்கிச்சு. எங்க முத்துப்பேச்சி போய் ஓரத்தைப் புடிச்சு இழுத்துப் பார்த்துட்டு, சிங்கிள் ஜெர்சி பனியன் துணி, கனம் நூத்தி நாப்பது கிராம் வரும்னு சொன்னா. நானும் புடிச்சுப் பார்த்தேன். நூத்தி நாப்பத்தஞ்சு இருந்துச்சு.

எங்களுக்கு ஊரு திருப்பூர், வேலை பனியன் கம்பெனியில பைனல் செக்கிங் டேபிள். தைச்சு வர்ற துணியை உள்பக்கம் வெளிப்பக்கம் திருப்பி, தோளு, அக்குளு, கழுத்து, அடிமடிப்புன்னு விரலை ஓட்டி, ஓட்டையோ கறையோ விட்டுப்போன தையலோ கையில தட்டுப்பட்டா அந்த எடத்துல நகத்தளவு செவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்னு ஒட்டி அக்கட்டால போடறது, ஒன்னுமில்லேன்னா பிசிறு வெட்டி மடிச்சு இக்கட்டால வெக்கிறது, இவ்வளவுதான் வேலை. ஒரு மணி நேரத்துக்கு நூத்தியிருவது பீஸ். என் பேரு பூவாத்தாள், பத்தொம்பது வருசமா அந்த டேபிள்ல நின்னிருக்கேன், நான் என்ன படிச்சேன்னு கேட்டா ஓட்டை பார்க்கப் படிச்சேன்னுதான் சொல்லணும்.

எங்களை மலைக்கு அனுப்புனது கம்பெனியோட பாசம்னு நெனச்சுக்காதீங்க. வெளிநாட்டுல இருந்து பார்வைக்கு வந்த, எங்க சரக்கை வாங்கற பையர் எங்க டேபிளைச் சுத்திச் சுத்தி வந்துட்டு, பீஸெல்லாம் நல்லாருக்கு, ஆனா செக்கிங் பண்ற பொம்பளைங்க மூஞ்சியைப் பார்த்தா எனக்குத் தூக்கம் வருது, இவங்க ஓய்வெடுத்ததுக்கு அத்தாட்சி அனுப்புங்கன்னு எழுதிட்டுப் போயிட்டான். உடனே மேனேஜர் ஒரு வேன் புடிச்சு, "மகிழ்ச்சியான தொழிலாளர், மாசற்ற தரம்"னு ஒரு பேனரும் அடிச்சுக் குடுத்து, மூணு நாள், பன்னெண்டு பேரும் குதிரை பக்கத்துல நின்னு பல்லு தெரியச் சிரிக்கிற போட்டோவோட வாங்கன்னு சொல்லிட்டாரு. சிரிக்கலேன்னா லீவு செல்லாதுன்னும் சொன்னாரு. வெளையாட்டுக்குச் சொன்னாரா நெசமாவே சொன்னாரான்னு அந்த மனுசங்கிட்ட யாரும் கேட்டதில்லை.

பன்னெண்டு பேர்ல மூத்தது மயிலாத்தாள், எங்களுக்கெல்லாம் மயிலாக்கா. இருவத்தாறு வருச சர்வீஸ். கண்ணை மூடிக்கிட்டு விரலாலயே ஓட்டை கண்டுபுடிக்கும், அதனால பையர் வந்தா முதல்ல மயிலாக்காகிட்டத்தான் கூட்டிட்டு வருவாங்க. அந்த அக்கா தூங்கிப் பதினோரு மாசம் ஆயிருந்துச்சு. தூக்கமே வரலைன்னு நம்ம சொல்லுவோமே, அப்புடி இல்லை, கண்ணு சொருகும், ஆனா கை படுக்காது. போர்வையைத் திருப்பும், தலையணை உறையைத் திருப்பும், சேலை முந்தானையை ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் தடவிக்கிட்டே போகும், எங்கியோ ஒரு ஓட்டை இருக்குது, அதைக் கண்டுபுடிச்சாத்தான் படுப்பேன்னு அந்தக் கை அடம் புடிக்கும். டாக்டர் குடுத்த மாத்திரைக்கு உடம்பு அசந்துச்சு, கை அசரல. இப்படியே போனா ஆளு ரொம்ப நாளைக்குத் தாங்கமாட்டாங்கன்னு டாக்டர் எங்கிட்டயே நேரா சொன்னாரு. மலைக்குப் போறோம்னு கேட்டதும் அக்கா ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லுச்சு, அங்கயாவது ஒரு மத்தியானம் தூங்குனாப் போதும் பூவான்னு.

ஏன் அப்படி ஆச்சுன்னு எங்க எல்லாத்துக்கும் தெரியும், இல்லேன்னா தெரியும்னு டேபிள்ல நெனச்சுக்கிட்டிருந்தாங்க. பதினோரு மாசம் முன்னாடி கொழந்தைங்க இரவு உடுப்பு ஒரு லாட்டு திரும்பி வந்துச்சு, அக்குளுக்குக் கீழ பச்சைப்பயறு அளவு ஒரு ஓட்டை. கட்டுல யாரு செக் பண்ணுனதுன்னு வெக்கிற சீட்டுல காளீஸ்வரி பேரு. கைக்கொழந்தைக்காரி, எங்க டேபிள்லயே சின்னவ, மயிலாக்கா தன்னோட தங்கச்சியா வெச்சுப் பார்த்துக்கிட்ட புள்ளை. மேனேஜர் ரூமுக்குக் கூப்புட்டுக் கேட்டப்ப அவ வாயே தெறக்கல, பயந்துட்டான்னு நாங்க நெனச்சோம், அன்னைக்குப் பொழுதோட அவளை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. அந்த ஏக்கத்துலதான் அக்காவுக்குத் தூக்கம் போச்சுன்னு டேபிளே பேசிக்கிச்சு.

பண்ணைக்கு நாங்க போய்ச் சேர்ந்தப்ப அதைப் பார்த்துக்கிற மரியசூசைங்கிற பெரியவரும் அவரு சம்சாரம் ஞானமும் வாசல்ல நின்னாங்க. எட்டுக் குதிரை, தகரக் கூரை போட்ட அறை வரிசை, ஒரு பெரிய சாப்பாட்டுக் கூடம், எதிர்க்க பள்ளத்தாக்கு, அதுல பூண்டுக்காடு. வாங்க தாயிங்களா, இங்க ஒன்னும் பண்ண வேண்டியதில்லை, அப்படியே உக்காருங்கன்னு மரியசூசை சொன்னாரு. அப்படியே உக்கார்றதுன்னா எப்படின்னு எங்களுக்குத் தெரியல. புல்லுமேல நாற்காலி போட்டுக் கையை மடியில வெச்சு வரிசையா உக்காந்திருந்தோம், சித்த நேரம் கழிச்சு ஒருத்தி எந்திரிச்சு ஞானத்துக்கு வெங்காயம் உரிக்கப் போனா, இன்னொருத்தி போனா, கடைசியில பன்னெண்டு பேரும் சமையக்கட்டுல நின்னோம், அந்தம்மா எங்களை வெரட்டி வெரட்டி வெளிய தள்ளுச்சு. குதிரைமேல ஏத்திவிட்டாங்க, ஏறுனோம், எறங்குனோம். எங்க அலுப்பு குதிரைக்கும் ஒட்டிக்கிச்சோ என்னவோ, அதுவும் பாதியிலயே நின்னுக்கிச்சு.

அப்பேர்ப்பட்ட எங்க முன்னாடி, அந்த ரெண்டாம் நாள் காலையில, மூடுபனி துணியா வந்து விழுந்தா நாங்க என்ன பண்ணுவோம்? மரியசூசை லாயத்து வாசல்ல இருந்து, அது அப்பப்ப இப்படித்தான் வரும், எங்கப்பா காலத்துலயும் வந்திருக்கு, யாரும் தொடமாட்டோம், மத்தியானம் தானாப் போயிரும்னு சாவகாசமா சொன்னாரு. நாங்க அதைக் காதுல வாங்கும்போதே பேச்சி ஓரத்துல இருந்து ஒரு கை நீளம் விரல் ஓட்டிட்டா. அக்கா இங்க ஒரு ஓட்டைன்னா. அவ்வளவுதான். மயிலாக்கா இடுப்புல இருந்து சுருக்குப்பையை எடுத்துச்சு, அதுக்குள்ள சில்லறை இருக்கும் வெத்தலை இருக்கும்னு பார்த்தா செவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒரு ரோலு இருந்துச்சு. ஓய்வுக்கு வந்த எடத்துக்கு அதை எதுக்கு எடுத்துட்டு வந்தீங்கன்னு நான் கேட்கல, ஏன்னா என் பையில பிசிறு வெட்டற கத்திரி இருந்துச்சு.

சாப்பாட்டு மேசை நாலையும் வெளிய தூக்கிப் போட்டோம். ரெண்டு பேர் மலைப்பக்கம் இருந்து இழுத்துக் குடுக்க, நாலு பேர் விரல் ஓட்ட, மயிலாக்கா அம்பு ஒட்ட, பேச்சி ஓட்டையை மெண்டிங் பண்ண, நான் பிசிறு வெட்ட, மத்தவங்க மடிச்சு அடுக்க, பொழுது போனது தெரியாம வேலை ஓடுச்சு. பேச்சி தென்காசிப் பக்கத்துக்காரி, ஓட்டையைச் சுத்தி நூலெடுத்து அந்தத் துணியோட நூலாலயே அடைச்சுடுவா, அடைச்ச எடத்தை அவளே திரும்பத் தேடமாட்டா. மெண்டிங் முடிஞ்சதும் அம்பைப் பிச்சு எறிஞ்சோம். அது எங்க டேபிள் வழக்கம், ஓட்டை அடைஞ்சா அம்பு இருக்கக்கூடாது, பையர் கண்ணுல அம்பு பட்டா அங்க ஒரு ஓட்டை இருந்துச்சுன்னு தெரிஞ்சுபோகும். மொத்தம் முப்பத்தொரு ஓட்டை. அக்கா எண்ணி மனசுல வெச்சுக்கிச்சு. துணி கையில கனமே இல்லை, ஆனா மடியெல்லாம் நனைஞ்சு, விரலெல்லாம் ரொம்ப நேரம் துவைச்ச மாதிரி சுருங்கிப் போச்சு. பொழுதோட கூடம் முழுக்க கூரை வரைக்கும் மூடுபனி அடுக்கி இருந்துச்சு, பள்ளத்தாக்கு மொத்தமும் பொட்டல் வெயிலா இருந்துச்சு, எங்களுக்கு வந்ததுல இருந்து முதல் முறையா மனசு நிம்மதியா இருந்துச்சு.

சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும். மறுநாள் பூண்டுக்காட்டுக்காரங்க வந்தாங்க, நின்னு பார்த்தாங்க, நல்ல மடிப்புன்னு சொன்னாங்க. ஒருத்தர் கோயில் பீடத்துக்கு ஒரு நீளம் கேட்டாரு, ஒருத்தி பேத்திக்குத் தொட்டில் கட்டக் கேட்டா, இன்னொரு ஆளு இது சுருங்குமா சாயம் நிக்குமான்னு கேட்டுட்டு வெறுங்கையோட போனாரு. ஞானம் ஒரு துண்டை எடுத்துப் பாத்திரம் தொடைச்சுப் பார்த்துட்டு ஈரம் போகலேன்னு திருப்பிக் குடுத்துச்சு. ராணிங்கிற கெழட்டு வெள்ளைக்குதிரை ஒரு கை அகலம் கடிச்சுத் தின்னுட்டு அன்னைக்கு முழுக்க மூக்கு வழியாப் புகை விட்டுக்கிட்டு நின்னுச்சு. செல்போன் எடுக்கிற ஒரே பாறைமேல ஏறி நான் மேனேஜருக்குச் சொன்னேன். அவரு ஆச்சரியப்படல, கலர் ஷேடு ஒன்னா இருக்குதான்னு கேட்டாரு. ஒன்னாத்தான் இருக்குதுன்னேன். அப்ப லீவை ரெண்டு நாள் சேர்த்துப் போட்டுக்குங்க, இன்னும் எறங்கறதையும் முடிச்சு வண்டியில ஏத்திட்டு வாங்கன்னு வெச்சுட்டாரு. ஓய்வுக்கு வந்த எங்களுக்கு ஓவர்டைம் கெடைச்ச கதை இதுதான்.

மயிலாக்காவுக்கு மட்டும் நெலமை மோசமாச்சு. மடியில துணி இருக்கிற வரைக்கும் கை நல்லா இருந்துச்சு, துணி தீர்ந்ததும் அந்தக் கை தனியா காத்துலயே தேட ஆரம்பிச்சுடுச்சு. மத்தியானம் கட்டில்ல படுக்க வெச்சு நானும் பேச்சியும் ஆளுக்கு ஒரு கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தோம், எங்க பிடிக்குள்ளயே அந்த விரலுங்க எங்க உள்ளங்கையைத் தடவி ஓட்டை தேடுச்சு. என்னை விடுங்க, போய்ப் படுங்கன்னு அக்கா சொல்லுச்சு. கண்ணுக்குக் கீழ கரியா இருந்துச்சு. எனக்கு அழுகையும் வந்துச்சு ஆத்திரமும் வந்துச்சு, ஆத்திரம் யாருமேலன்னு அப்ப சொல்ல எனக்கு வாய் வரல.

நாலாம் நாள் காலையில குதிரைத் தொட்டியில தண்ணி வரல. மரியசூசை மேல போய்ப் பார்த்துட்டு வந்து எங்ககிட்ட நின்னாரு, சத்தம் போடல, சத்தம் போட்டிருந்தாக்கூட தேவலை. இந்த மலையில ஊத்துன்னு தனியா ஒன்னும் கெடையாது தாயி, மூடுபனி மரத்துல ஒட்டிச் சொட்டுறதுதான் ஓடை, இப்ப ஓடை ஒங்க கூடத்துல மடிச்சு இருக்குன்னாரு. பூண்டு தாளு ஓரம் மஞ்சளா திரும்பியிருந்துச்சு, பாசி காஞ்சு பாறையில இருந்து உரிஞ்சு விழுந்துச்சு, எட்டுக் குதிரையும் எங்களைப் பார்த்துக்கிட்டு வரிசையா நின்னுச்சு. மேனேஜர் என்ன சொல்லுவாரோன்னு ஒருத்தி இழுத்தா. மயிலாக்கா எந்திரிச்சு, பிரிங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுச்சு.

பிரிச்சோம். மடிக்கிறதை விடப் பிரிக்கிறது லேசுன்னு நெனச்சீங்கன்னா நீங்க ஏற்றுமதிக் கம்பெனியில வேலை பார்க்கலைன்னு அர்த்தம். பன்னெண்டு பேரும் மேட்டுமேல ஏறி, கட்டிங் மேசையில துணி விரிக்கிற மாதிரி ஆளுக்கொரு ஓரம் புடிச்சு, ஒன்னு ரெண்டு மூணுன்னு உதறுனோம், காத்து வாங்கிக்கிச்சு. மரத்து மேல, கூரை மேல, வேலி மேல, பள்ளத்தாக்கு மேல அது போய்ப் படிஞ்சுச்சு, கொஞ்ச நேரத்துல மரமெல்லாம் சொட்டுச்சு, தொட்டியில தண்ணி விழற சத்தம் கேட்டுச்சு. ஞானம் எல்லாத்துக்கும் சுக்குக் காப்பி போட்டுக் குடுத்துச்சு. மத்தியானம் வெலகிரும், பொழுதோட நீங்க கெளம்பலாம்னு மரியசூசை சொன்னாரு.

மத்தியானம் வெலகல. மறுநாளும் வெலகல. அதுக்கடுத்த நாளும் எங்களைச் சுத்தி வெள்ளையாவே இருந்துச்சு, ஒரு ஆளு கையை நீட்டுனா கை தெரியாது, வேன் டிரைவர் ரோடு எங்க இருக்குன்னு காலால தடவிப் பார்த்துட்டு வந்து திரும்பப் படுத்துக்கிட்டாரு, குதிரைங்க ஒன்னு மேல ஒன்னு முட்டிக்கிச்சு, பூண்டு இப்ப அழுகறதுக்குத் தயாராச்சு. மரியசூசை வந்து திண்டாடி நின்னு, நீங்க அதை என்ன தாயி பண்ணுனீங்கன்னு கேட்டாரு. ஒன்னும் பண்ணலீங்க, ஓட்டையை அடைச்சோம்னு பேச்சி சொன்னா. அவரு தலையில கையை வெச்சுக்கிட்டாரு. ஓட்டை வழியாத்தான் வெயிலு விரலை விடும், விட்டுக் கிழிச்சுத்தான் வெலக்கும், கழுகு மேல போறதுக்கு ஒன்னு, கோயில் மேல ஒன்னு, பூண்டுக்காட்டு மேல நாலுன்னு அதது அதது எடத்துல இருக்கும், அதைப்போய் அடைச்சுட்டீங்களேன்னாரு. எங்களுக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல. வாழ்க்கையில எங்க வேலை சுத்தம்னு ஒருத்தர் திட்டி நாங்க கேட்டது அப்பத்தான்.

அம்பு இருந்தா கண்டுபுடிச்சிருக்கலாம், அம்பையெல்லாம் பிச்சு எறிஞ்சாச்சு. பேச்சி அடைச்சதைப் பேச்சியாலயே கண்டுபுடிக்க முடியாது. எல்லாரும் மயிலாக்காவைப் பார்த்தோம், பார்த்தோம்னா பார்க்க முடியாது, அது இருந்த பக்கம் திரும்புனோம். அக்கா எந்திரிச்சுச்சு. ஒரு கை என் தோள்மேல, ஒரு கை அந்தத் துணிமேல, நாங்க ரெண்டு பேரும் நடந்தோம். வேலியில தாழ்ந்து கெடந்த எடம், பாறையில படிஞ்ச எடம், கிளையில இருந்து தொங்குன எடம்னு அந்த விரலு ஊர்ந்துக்கிட்டே போகும், சட்டுன்னு நிக்கும், இங்கன்னு சொல்லும், நான் கத்திரியை நீட்டுவேன், அக்கா பேச்சியோட அடைப்பை வெட்டி விரலால நூலை வெலக்கும். இருவத்தாறு வருசம் ஓட்டையைத் தடுத்த கை, ஒவ்வொன்னையும் ரெண்டு தடவை தடவிப் பார்த்துட்டுத்தான் வெட்டுச்சு. வெட்டுன எடத்துல மேல இருந்து ஒரு குச்சி வெளிச்சம் எறங்கும், அந்த வெளிச்சத்துல அக்காவோட மூஞ்சி ஒரு நிமிசம் தெரியும், திரும்ப நாங்க வெள்ளைக்குள்ள போவோம். காலையில ஆரம்பிச்சு மத்தியானத்துக்குள்ள முப்பது ஆச்சு.

முப்பத்தொன்னாவது கெடைக்கல. லாயத்தைச் சுத்தி வந்தோம், தொட்டியைச் சுத்தி வந்தோம், திரும்ப லாயத்துக்கு வந்தோம். நாலாவது சுத்துல எனக்குப் புரிஞ்சுச்சு, லாயத்துத் தூணு பக்கம் வர்றப்பல்லாம் அந்த விரலு லேசா நின்னு நின்னு போகுது. அக்கா, இங்கதான இருக்குதுன்னு கேட்டேன். அது வைக்கோல் கட்டுமேல உக்காந்துக்கிச்சு. பக்கத்துல ராணி நின்னுக்கிட்டு மூச்சு விட்டுச்சு. அக்கா பேசுச்சு.

"அன்னைக்கு அந்த ஓட்டையை நான் பார்த்தேன் பூவா. காளீஸ் புள்ளைக்குப் பால் குடுக்கப் போயிருந்தா, அவ கட்டுல பாதியை எடுத்து நான்தான் பார்த்துக் குடுத்துக்கிட்டிருந்தேன். கையில தட்டுப்பட்டுச்சு. பதினாறு மணி நேரமா நின்னுட்டிருந்தேன், அம்பு ரோலு மேசைக்கு அந்தக் கோடியில இருந்துச்சு, கையை நீட்டணும். நீட்டல. போகட்டும்னு விட்டுட்டேன்."

நான் என்ன சொல்லணும்? அழுவாதீங்கக்கான்னு சொல்லியிருக்கலாம், யாருக்குத்தான் அசதி வராதுன்னு சொல்லியிருக்கலாம், அப்படிச் சொல்றதுக்கு எனக்கு யோக்கியதை இருந்திருந்தாச் சொல்லியிருப்பேன். அந்த வெள்ளைக்குள்ள மூஞ்சி தெரியாதது எனக்கு நல்லதாப் போச்சு. "நானும் பார்த்தேன்க்கா. நீங்க விட்டதைப் பக்கத்துல நின்னு பார்த்தேன். காளீஸை ரூமுக்குக் கூப்புட்டப்பவும் நான் வாயைத் தெறக்கல." இதைத்தான் சொன்னேன். பதினோரு மாசமா எல்லாத்து மேலயும் எரிஞ்சு விழுந்துட்டுத் திரிஞ்சேனே, கடைக்காரன் மேல, பஸ் கண்டக்டர் மேல, இந்த ஓய்வு மேல, அதுக்குக் காரணம் இதுதான்.

அக்கா என் கையைத் தேடிப் புடிச்சுச்சு. திட்டும்னு இருந்தேன், திட்டல. கத்திரியை வாங்கிக்கிட்டு எந்திரிச்சுத் தூணுக்கிட்டப் போய், இதுதான் இருக்கறதுலயே பெரிசு, உள்ளங்கை அளவுன்னு சொல்லிட்டு, வெட்டுச்சு. இந்தத் தடவை திரும்பத் தடவிப் பார்க்கல. மேல இருந்து வெயிலு எறங்கி வைக்கோல்மேல உள்ளங்கை அகலத்துக்கு விழுந்துச்சு, கொஞ்சம் கொஞ்சமா பெரிசாச்சு, ஒரு ஆளு படுக்கிற அளவுக்கு வந்துச்சு. அக்கா அதுலயே படுத்துச்சு. ரெண்டு கையையும் வயித்துமேல வெச்சுச்சு. நான் அந்தக் கையையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன், இப்ப அசையும் இப்ப அசையும்னு. அசையல. வாய் லேசாத் தெறந்து, மூக்குல இருந்து சின்னதா ஒரு சத்தம் வந்துச்சு.

ஒரு மணி நேரத்துல மூடுபனி மொத்தமும் வெலகிப் போச்சு. மத்தவங்க வந்தாங்க, பார்த்தாங்க, சுத்தி உக்காந்தாங்க. பதினோரு பொம்பளைங்க மடியில கையை வெச்சுக்கிட்டு ஒன்னும் பண்ணாம உக்காந்திருந்தோம், அதுதான் அந்தப் பயணத்துல நாங்க எடுத்த ஓய்வு. டிரைவர் பேனரைத் தூக்கிட்டு வந்து போட்டோ எடுக்கலாமான்னு கேட்டாரு. நான் அதை வாங்கி நாலா மடிச்சு அக்கா தலைக்கு அடியில வெச்சேன். மூணு மணிக்குக் கெளம்புறப்ப மரியசூசையும் நானும் பேச்சியும் அக்காவைத் தூக்கித்தான் வேன்ல வெச்சோம், அப்பவும் முழிக்கல. இனி வர்றதா இருந்தா கையை ஊட்டுலயே வெச்சுட்டு வாங்கன்னு ஞானம் சொல்லுச்சு, பேச்சி மட்டும் சிரிச்சா.

கீழ எறங்கி, பழனி தாண்டி, தாராபுரம் வர்றதுக்கு முன்னாடி, வண்டியை இடதுபக்கம் திருப்புங்கன்னு நான் சொன்னேன். மேனேஜர் நேரா கம்பெனிக்கு வரச் சொல்லியிருக்காருன்னு டிரைவர் சொன்னாரு. வரச் சொன்னா வர்றோம், முதல்ல திருப்புங்கன்னேன். காளீஸ்வரி அவங்கம்மா ஊருலதான் ரெண்டு எருமை வெச்சுப் பொழைச்சுக்கிட்டிருந்தா. வேன் சத்தம் கேட்டு, பால் கறந்த கையைப் பாவாடையில தொடைச்சுக்கிட்டு, இடுப்புல புள்ளையோட வெளிய வந்தா. பொழுது எறங்குற நேரம். ஒவ்வொரு மூஞ்சியாப் பார்த்துக்கிட்டே வந்தவ, கடைசி சீட்டுல மயிலாக்காவைப் பார்த்துட்டு நின்னுட்டா. புள்ளையைப் பேச்சிகிட்டக் குடுத்தா. வண்டிக்குள்ள ஏறி, அக்கா பக்கத்துல உக்காந்தா, அது தலை தன்னால அவ தோள்மேல சாஞ்சுச்சு. மடியில கெடந்த ரெண்டு கையையும் குனிஞ்சு பார்த்தா. அந்தக் கையைப் பத்தி அவளுக்கு யாரோ சொல்லியிருக்கணும்.

அக்காவை எழுப்பித்தான் பேச வெக்கணும்னு வழியெல்லாம் நெனச்சுக்கிட்டு வந்தேன். அதுவே தன் வாயால சொல்லட்டும், அதுக்கப்புறம் நான் சொல்லிக்கலாம்னு ஒரு கணக்கு. ஆனா அது தூங்குது, பதினோரு மாசத்துத் தூக்கம், எப்படி எழுப்பறது. முன் சீட்டுக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னேன். காளீஸ், அந்த ஓட்டையை நானும் அக்காவும் பார்த்தோம், பார்த்துட்டுத்தான் விட்டோம், உன்னைக் கூப்புட்டுக் கேட்டப்ப நான் ஊமையா நின்னேன்னு, சுத்தி இருக்கறவங்க அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன்.

காளீஸ்வரி நிமிரல, அது யாரு பார்த்த பாதின்னு தெரிஞ்சுதான் அன்னைக்கு ரூமுல அவ வாயைத் தெறக்கலேன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. அவ விரலு மயிலாக்காவோட விரலுமேல இருந்துச்சு.

"மெதுவாப் பேசுங்க பூவாக்கா," அப்படின்னா. "அக்கா முழிச்சுக்கும்."